விருந்து முடியவில்லை, வாசலைத் தாண்ட முடியவில்லை: புனுவலில் அடுத்து எது?

கேள்வி: இயக்குநர் லூயிஸ் புனுவலின் 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி' பார்த்தேன். பாதி வரை விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கனவுக்குள் கனவு என்று போனதும் பிடி நழுவிவிட்டது. 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்', 'தி ஃபேண்டம் ஆஃப் லிபர்டி' இரண்டும் இதே வகைதான் என்கிறார்கள். அடுத்து எதைப் பார்க்கலாம்? மூன்றும் ஒன்றுதான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அடுத்து 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' பாருங்கள். 'ஃபேண்டம்' கொஞ்சம் காத்திருக்கட்டும்.

மூன்றும் ஒரே கையெழுத்து என்பது உண்மை. உலகத்தின் ஏதோ ஒரு விதியைப் புனுவல் கழற்றி வைத்துவிடுவார். ஆனால் அதன் பிறகும் அவருடைய கனவான்கள் குரலை உயர்த்தாமல், நாகரிகம் குறையாமல் நடந்துகொள்வார்கள். நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது. எந்த விதியைக் கழற்றுகிறார், எத்தனை முறை கழற்றுகிறார் என்பதில்தான் படத்துக்குப் படம் வித்தியாசம்.

நீங்கள் பார்த்த 1972ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே தொடங்கலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான் கதை. ஆறு பேர் சேர்ந்து ஒருவேளை சாப்பிட நினைக்கிறார்கள், நடக்கவில்லை. தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மேன் ஒருமுறை விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டு, வீட்டில் சொல்ல மறந்துபோன சொந்தச் சம்பவம்தான் இதற்கு விதை. தடங்கல்கள் ஆரம்பத்தில் சாதாரணமானவை. தேதி குழம்புகிறது. ஓட்டலுக்குப் போனால் பக்கத்து அறையில் முதலாளியின் பிணம். டீக்கடையில் டீ தீர்ந்துவிட்டது, காபியும் தீர்ந்துவிட்டது. பிறகு மேசையில் உட்கார்ந்ததும் ஒரு திரை விலகுகிறது, எதிரே நாடக ரசிகர்கள். தட்டில் இருக்கும் கோழி போலி. அதைக் கனவென்று ஒருவர் விழித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் விழித்து, அந்த நண்பர் கனவு கண்டதாகத் தான் கனவு கண்டேன் என்கிறார்.

உங்கள் பிடி நழுவியது இங்கேதான் என்று நினைக்கிறேன். எது கனவு, எது நனவு என்று கோடு போட முயன்றிருப்பீர்கள். அந்தக் கோடு தேவையே இல்லை. சாப்பாட்டு மேசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கனவானாலும் நனவானாலும் நடப்பது ஒன்றே: கவளம் வாய்க்குப் போகுமுன் யாரோ குறுக்கே வந்துவிடுவார்கள். கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து எல்லோரையும் சுடும்போது, அந்த ஆறு பேரில் ஒருவரான தூதர் மட்டும் மேசைக்கடியில் ஒளிந்திருந்து கையை மேலே நீட்டி ஒரு துண்டு இறைச்சியைத் தடவி எடுக்கிறாரே, அதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தப் படமும். அதுவும் அவருடைய கனவுதான்; விழித்தெழுந்ததும் நேராக சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறார். அத்தனை பேர் சேர்ந்து முடியாத காரியம்!

'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' பத்து வருடம் முந்தியது. 1962இல் மெக்சிகோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். இதில் சாப்பாடு முடிந்துவிடுகிறது. விருந்தாளிகளால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறத்தான் முடியவில்லை. கதவு பூட்டவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. வேலைக்காரர்களில் பட்லரைத் தவிர மற்றவர்கள் ஏனோ முன்னமே கிளம்பிவிட்டார்கள். முதல் இரவு சிரிப்புதான்: யாரும் போகவில்லையே என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்டால் மரியாதையாக இருக்காதே. நாள்கள் நகர நகர, தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைத் தேடுகிறார்கள். வழிதவறி வரும் ஆட்டை அறையிலேயே சுட்டுத் தின்கிறார்கள். நீங்கள் பார்த்த படத்தில் யாருக்கும் உண்மையில் பசிக்காது; இங்கே பசிக்கிறது, நாறுகிறது, ஆள் சாகிறது. சிரிப்பு தொண்டையில் சிக்கும்.

இதை அடுத்ததாகச் சொல்வதற்குக் காரணம் எளிது. ஒரே வீடு, ஒரே கூட்டம், கழன்றிருப்பது ஒரே விதி. கனவுகள் வந்தாலும் வழி தவறாது. இது எதற்கு உருவகம் என்று மட்டும் குடையாதீர்கள். பகுத்தறிவின் பார்வையில் இதற்கு விளக்கமே கிடையாது, அதுவே சிறந்த விளக்கம் என்று புனுவலே எழுதிக் கைகழுவிவிட்டார்.

1974இல் வந்த 'ஃபேண்டம்' வேறு ரகம். நாயகன் இல்லை, முடிவு இல்லை. ஒரு கதையிலிருந்து யாராவது எழுந்து வெளியே போனால் படமும் அவர் பின்னாலேயே போய்விடும். விட்ட கதை விட்டதுதான். காட்சிக்குக் காட்சி ஒரு புது விதி கழன்று விழும். காணாமல் போன சிறுமி போலீஸ் நிலையத்திலேயே நிற்கிறாள். அவளையே பார்த்துப் பார்த்து அடையாளம் குறித்துக்கொண்டு, பிறகு தேடப் புறப்படுகிறார்கள். இன்னொரு வீட்டில் மேசையைச் சுற்றிக் கழிப்பறைக் கோப்பைகளைப் போட்டு உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். பசித்தவர் மட்டும் கூச்சத்தோடு எழுந்துபோய், ஒரு சிறு அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். யாரோ கதவைத் தட்ட, உள்ளிருந்து "ஆள் இருக்கு!" இந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் எல்லாப் பகுதிக்கும் இந்தக் கூர்மை இல்லை, சில இடங்கள் தொய்வுதான். கனவுகளிலேயே பிடி நழுவிய உங்களுக்கு இதை உடனே கொடுத்தால் புனுவலே வேண்டாம் என்பீர்கள்.

இடையில் வேண்டுமானால் அவருடைய கடைசிப் படம், 1977இல் வந்த 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்'. ஒரே பெண் பாத்திரத்தை இரண்டு நடிகைகள் மாறிமாறி நடிக்கிறார்கள், அவள் பின்னால் அலையும் மனிதர் அதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தடுத்த நாளில் பார்க்காதீர்கள், சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். டப்பிங் வேண்டவே வேண்டாம். 'ஏஞ்சல்' ஸ்பானிஷ், மற்றவை பிரெஞ்சு, சப்டைட்டிலோடு பாருங்கள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசும் அந்தத் தொனி டப்பிங்கில் போய்விடும். அப்புறம், நீங்கள் பார்த்த படத்தில் முக்கியமான பேச்சு வரும்போதெல்லாம் விமானச் சத்தமோ டைப்ரைட்டர் சத்தமோ அதை அமுக்கிவிடுமே, அது ஒலிக்கோளாறு இல்லை. 'ஏஞ்சலி'லும் விருந்தாளிகள் வீட்டுக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வரும். ஃபைல் பழுது என்று தள்ளிவிடாதீர்கள். ஒளிப்பதிவாளர் கேப்ரியல் ஃபிகேரோவாவே இறுதிப் பிரதியைப் பார்த்துவிட்டு, எடிட்டிங்கில் தப்பு நடந்திருக்கிறது என்று புனுவலைத் தனியே அழைத்துச் சொன்னாராம்.