ரோட்டாவை வாங்கிக்கொள்ளுங்கள், எம்.பி.ஏ. பிறகு பார்க்கலாம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெளிநாட்டு மருத்துவர்கள் எழுதும் பிளாப் தேர்வை முடித்து இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பொது மருத்துவப் பிரிவில் டிரஸ்ட் கிரேடு வேலை, அதாவது பயிற்சி இடம் இல்லாமல் மருத்துவமனையே நேரடியாகத் தரும் வேலை. அடுத்த மாதத்திலிருந்து ஜூனியர் மருத்துவர்களின் ரோட்டாவை, அதாவது டியூட்டி பட்டியலை, பார்த்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் மூத்த மருத்துவரான கன்சல்டன்ட் போன வாரம் கேட்டிருக்கிறார். "வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நான் இதில் கை வைக்கலாமா அக்கா? பிற்காலத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போக ஆசை இருக்கிறது, அதற்கு முதலில் எம்.பி.ஏ. படிக்க வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

ரோட்டாவை வாங்கிக்கொள்ளுங்கள். எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ரோட்டா கைக்கு வந்தது நான் இங்கே வந்த இரண்டாவது வருடம். ஒரு எக்செல் தாள். இடப்பக்கம் பதினான்கு பெயர்கள், மேலே தேதிகள். நைட் டியூட்டிக்கு நீலம், லீவுக்குப் பச்சை, ஆள் இல்லாத கட்டத்துக்குச் சிவப்பு. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லாமல் செய்துவிட்டேன். அனுப்பிய மறுநாள் சாயங்காலம் ஒரு சக மருத்துவர் வார்டு வாசலில் வந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். எம்.ஆர்.சி.பி. என்ற மேல்நிலை மருத்துவத் தேர்வுக்கான கடிதம். தேர்வுக்கு முந்தைய ராத்திரி அவருக்கு நைட் போட்டிருந்தேன். அவர் முன்கூட்டியே லீவு கேட்டிருக்கிறார். ஆனால் மெயில் போனது எனக்கு முன்பு ரோட்டா பார்த்தவருக்கு. அவர் வேறு மருத்துவமனைக்கு மாறிப் போயிருந்தார். சக மருத்துவர் கோபப்படவில்லை. "ஏதாவது செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நைட்டை நானே எடுத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் இயல்பாகச் செய்வது இதுதான்: ஓட்டை தெரிந்தால் நம் உடம்பை வைத்து அடைப்பது. ஆனால் அடுத்த முறை இன்னொருவருக்கும் இதேதான் நடக்கும் என்பது விடிவதற்குள் புரிந்துவிட்டது. லீவு விண்ணப்பம் எல்லாம் ஒரே இடத்துக்கு வரும்படி, ஆள் மாறினாலும் மாறாத ஒரு பொது மெயில் பெட்டி வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவு சின்ன விஷயத்துக்கு மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது, ஐந்து வாரம் பிடித்தது. நான் செய்த முதல் நிர்வாக வேலை என்றால் அந்த மெயில் பெட்டிதான். இன்று என் பிரிவுக்கு கிளினிக்கல் டைரக்டராக உட்கார்ந்து செய்வதும் அளவில் பெரியதே தவிர, வகையில் அதேதான்.

ரோட்டா கையில் இருந்தால் ஒரு மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்பது மூன்றே மாதத்தில் பிடிபட்டுவிடும். முதலில் விதிகள். ரெசிடென்ட் டாக்டர்களின் 2016 ஒப்பந்தப்படி வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு ஷிப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. நைட் தொகுப்பு முடிந்தால் 46 மணி நேர ஓய்வு. டியூட்டி பட்டியல் ஆறு வாரம் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். (2024 செப்டம்பரிலிருந்து 'ஜூனியர்' போய் 'ரெசிடென்ட்' என்று ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஜூனியர் என்றுதான் வாயில் வருகிறது.) உங்களைப் போன்ற டிரஸ்ட் கிரேடு மருத்துவர்களுக்கு உள்ளூர் ஒப்பந்தம் வேறாக இருக்கலாம், அதை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அப்புறம் பணம். ஒரு சிவப்புக் கட்டத்தை லோக்கம், அதாவது தற்காலிக மருத்துவர், வைத்து நிரப்பினால் என்ன ஆகும், யாருடைய பட்ஜெட்டிலிருந்து போகும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியவரும். எல்லாவற்றுக்கும் மேல் மனிதர்கள். ரோட்டா கோஆர்டினேட்டர் என்று மருத்துவர் அல்லாத ஒருவர் இருப்பார். எந்த மாதத்தில் எந்த வார்டு திணறும் என்பது பல கன்சல்டன்டுகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

எம்.பி.ஏ. வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்கள்தான். ஆனால் வகுப்பில் யாரும் மடித்த தாளோடு வந்து வாசலில் நிற்கமாட்டார்கள்.

மருத்துவர்கள் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று இந்த நாடு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேர்காணலிலும் உதவும். 1983இல் ராய் கிரிஃபித்ஸ் என்பவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சூப்பர் மார்க்கெட் நிறுவனம் நடத்தியவர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இன்று விளக்கோடு என்.எச்.எஸ். என்ற இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் வராந்தாக்களில் நடந்தால், பொறுப்பில் இருப்பவர் யார் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார் என்று அதில் எழுதினார். அதற்குப் பிறகுதான் பொது மேலாளர்கள் வந்தார்கள். மேலாளர் ஒரு பக்கம், மருத்துவர் ஒரு பக்கம் என்ற பிளவும் கூடவே ஆழமானது. அந்தப் பிளவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் விவகாரத்தில் பார்த்தோம். நோயாளிகள் மிக மோசமாகக் கவனிக்கப்பட்ட அந்த மருத்துவமனை பற்றிய ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013 பிப்ரவரியில் வந்தது, 290 பரிந்துரைகளோடு. கன்சல்டன்டுகள் பெரும்பாலும் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியே இருந்தார்கள் என்று அதில் வரும் இடம் என்னால் மறக்க முடியாதது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. 'அது என் வேலை இல்லை' என்று நினைத்தாலே போதும்.

மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி. 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: தலைமையும் நிர்வாகமும் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டுமான பொறுப்பில்லை, பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவருக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே 'நான் வந்து எட்டு மாதம்தானே' என்ற தயக்கத்துக்கு அங்கே இடம் கிடையாது. 2008இல் என்.எச்.எஸ். எதிர்காலம் பற்றிய பெரிய அறிக்கையை எழுதி, மருத்துவர்களையும் செவிலியர்களையும் தலைமைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்திய ஆரா தார்சி, பாக்தாதில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்து, அயர்லாந்தில் மருத்துவம் படித்து இங்கே வந்த அறுவை மருத்துவர். 2024இலும் என்.எச்.எஸ்.ஸை ஆராய்ந்து சொல்ல அரசு அவரைத்தான் கூப்பிட்டது.

ஒரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆமண்டா குடால் என்ற ஆய்வாளர் 2011இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்தார். மருத்துவர் தலைமை வகித்தவற்றின் தர மதிப்பெண் ஏறக்குறைய 25 சதவீதம் அதிகமாக இருந்தது. மருத்துவர் வந்ததால் தரம் உயர்ந்ததா, தரமான இடங்கள் மருத்துவரைத் தேடிப் பிடித்தனவா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. நேர்காணலில் இதைச் சொன்னால் அந்த வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், மதிப்பார்கள்.

சரி, ரோட்டாவோடு இன்னொன்றும் செய்யுங்கள்: ஒரு தர மேம்பாட்டு வேலை, இங்கே கியூ.ஐ. என்பார்கள். போர்ட்ஃபோலியோவுக்காக அவசரமாக ஒரு ஆடிட் செய்து, ஒரு போஸ்டர் ஒட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆறு மாதம் கழித்துப் போனால் வார்டில் எதுவும் மாறியிருக்காது. எனக்கு அது வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அதே உழைப்பில் உண்மையான ஒன்றைச் செய்திருக்கலாம்.

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போகலாம் என்று காலை ரவுண்டில் சொல்லப்பட்ட ஒரு பாட்டி, கோட்டுப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டி.டி.ஓ., அதாவது வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து, வரவில்லை. தினமும் இப்படி இரண்டு மூன்று பேர். ஜூனியர்கள் மருந்துச் சீட்டைத் தாமதமாக எழுதுகிறார்கள் என்று முடிவுகட்டி, மதியத்துக்குள் எழுத வேண்டும் என்று நினைவூட்டல் ஒட்டினோம். இரண்டு வாரம் அளந்து பார்த்தோம், நேரம் அசையவே இல்லை. அதற்குப் பிறகுதான் பார்மசிஸ்ட்டைப் போய்க் கேட்கத் தோன்றியது. அவர் எங்கள் வார்டுக்கு வருவது காலை ஒன்பது மணிக்கு. நாங்கள் சீட்டு எழுதுவது பதினொன்றுக்கு. அப்போது அவர் வேறு வார்டில் இருப்பார், சீட்டு வரிசையில் கிடக்கும். நாளைக்குப் போகக்கூடியவர்கள் யார் என்று முந்தைய நாள் மூன்று மணிக்கே பேசி, சீட்டை அன்றே எழுதி வைக்க ஆரம்பித்தோம். அதன் பிறகு நிறையப் பேர் மதியத்துக்குள் கிளம்பினார்கள். திட்டமிட்டு, செய்து, அளந்து, திருத்தும் பி.டி.எஸ்.ஏ. சுழற்சி என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். முதல் சுற்று தோற்றதையும் நேர்காணலில் சொல்லுங்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவது அந்த இடத்தில்தான்.

இனி உங்கள் ஆசைக்கான பாதை. என்.எச்.எஸ். லீடர்ஷிப் அகாடமியின் எட்வர்ட் ஜென்னர் திட்டம் இலவசம், இணையத்திலேயே முடிக்கலாம், இதை இப்போதே தொடங்குங்கள். பயிற்சி இடம் கிடைத்த பிறகு, பயிற்சிக்கு வெளியே ஒரு வருடம் எடுத்துக்கொண்டு லீடர்ஷிப் ஃபெல்லோவாகத் தேசிய அமைப்புகளில் வேலை பார்க்க முடியும். 2011இல் தொடங்கிய மருத்துவத் தலைமைக்கான ஃபேகல்டி, எஃப்.எம்.எல்.எம்., இதில் முக்கியமான இடம். கன்சல்டன்டுக்கு முந்தைய பயிற்சி நிலையான ரெஜிஸ்ட்ரார் நிலைக்கு வந்ததும் சீஃப் ரெஜிஸ்ட்ரார் திட்டத்தை நினைவில் வையுங்கள். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016இல் கொண்டுவந்தது. வேலை நேரத்தில் 40 முதல் 50 சதவீதத்தை இதற்கென்றே ஒதுக்கித் தருவார்கள், மீதி நேரம் நோயாளிகளோடு. நான் அதைச் செய்தவள். ஒதுக்கிய நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. எம்.பி.ஏ. வேண்டும் என்றால் அதற்குப் பிறகு யோசிக்கலாம். உங்களிடம் கேள்விகள் இருக்கும்போது படித்தால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. முதல் வருடம் நான் போன எந்த மீட்டிங்கிலும் வாய் திறந்ததில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த பழக்கம், என் உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் வேறு. இங்கே பேசாமல் இருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்வதில்லை, சம்மதம் என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வார்டு சிஸ்டர்தான் எனக்கு வழி சொன்னார்: வாதாட வேண்டாம், 'கன்சர்ன்ட்' என்ற சொல்லைப் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல் என்றார். நோயாளி பாதுகாப்பு பற்றி எனக்குக் கவலை இருக்கிறது என்று யார் சொன்னாலும் அந்த அறை நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன், குரல் நடுங்கியது, ஆனால் குறிப்பில் ஏறியது.

ஒரு பயமும் எனக்கு உண்டு. விசா வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டிருப்பதால், புதிதாக வந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்கிறார்கள். ரோட்டா ராத்திரிகளைத் தின்னும், நான் மூன்று ராத்திரி உட்கார்ந்ததைப் போல. ஆகவே சம்மதம் சொல்லும் மெயிலிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்தில் அரை நாள், டியூட்டி அட்டவணையில் பெயர் போட்டு ஒதுக்கிய நேரமாக வேண்டும். லோக்கம் அனுமதிக்கு யாரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் வேண்டும். ஆறு மாதம் கழித்து, நீங்கள் செய்ததைக் குறிப்பிட்டு கன்சல்டன்ட் ஒரு கடிதம் தர வேண்டும். அரை நாள் கிடையாது என்றால், ரோட்டாவை இன்னொருவரோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கேளுங்கள்.

மெயிலை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள் தம்பி. இந்த வாரம் எனக்கு நைட் ஆன்கால் கிடையாது, அன்றன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.