சைக்கிளும் இன்சுலின் பம்பும்: வாசகர் கேள்விகள்

கே: எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். பம்ப் போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் இரண்டரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன். காலை 5 மணிக்கு 3 இட்லி, அதற்கு 4 யூனிட் போலஸ் (சாப்பாட்டுக்கென ஒரேயடியாகப் போடும் இன்சுலின்). 5.30க்குக் கிளம்பும்போது பம்பை நிறுத்திவிடுகிறேன். அப்படியும் ஆறேகாலுக்கெல்லாம் சர்க்கரை லோ ஆகிறது. வீடு திரும்பினால் 280. ஏன்?
(வாசகர், சென்னை)

ப: பம்பை நிறுத்தினால் இனி வரவேண்டிய இன்சுலின்தான் நிற்கும். தோலுக்கடியில் ஏற்கெனவே இறங்கியது தன் வேலையைச் செய்தே தீரும். வேக இன்சுலின் உச்சத்தைத் தொட ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே 5 மணி போலஸ், நீங்கள் மும்முரமாக மிதிக்கும்போதுதான் உச்சத்துக்கு வருகிறது. உழைக்கும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் லோ. 5.30க்கு நிறுத்தியதன் பலன் ஏழு மணி வாக்கில்தான் தெரியும். அந்தப் பற்றாக்குறைதான் வீட்டில் 280 ஆக நிற்கிறது. எப்படியும் 2 மணி நேரத்துக்கு மேல் பம்பை நிறுத்தவே கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உருவாகும் அமிலம்) ஏறும்.

அந்த 4 யூனிட்டை 2 ஆக்குங்கள். எழுந்ததும், கிளம்ப ஒரு மணி நேரமாவது இருக்கையில், பேசலை (பம்ப் நாள் முழுதும் சிறுகச் சிறுக விடும் இன்சுலினை) தற்காலிகமாகப் பாதியாகக் குறைத்து, சவாரி முடியும்வரை அப்படியே விடுங்கள். போதவில்லை என்றால் அடுத்த வாரம், உங்கள் மருத்துவரிடம் பதிவுகளைக் காட்டி, 80 சதவீதம் வரை குறைக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு: சில பம்ப்களில் 20% என்று வைத்தால் வழக்கமானதில் 20 சதவீதம் மட்டும் போகும், சிலவற்றில் 20 சதவீதம் குறையும். திரையில் மணிக்கு எத்தனை யூனிட் என்று காட்டுவதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கிளம்பும்போது 126 முதல் 180 வரை இருப்பது நல்லது. 90க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, ஏறியபின் கிளம்புங்கள். காரணம் தெரியாமல் 270 தாண்டியிருந்தால் ரத்தக் கீட்டோன் பாருங்கள், 1.5 மில்லிமோலுக்கு (லிட்டருக்கு) மேல் என்றால் அன்று சைக்கிள் கிடையாது. வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும், அதையும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்து. ஓ.ஆர்.எஸ். தண்ணீரை நம்பிப் போகிறவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். தாகத்துக்கு ஆகும், லோவுக்கு ஆகாது.

இட்லியே இல்லாமல், போலஸும் இல்லாமல் கிளம்பிப் பார்ப்பதும் நல்ல வழி. அதிகாலை வெறும் வயிற்றில் லோ வாய்ப்பு குறைவு.

கே: 780ஜி பம்ப், தோலில் ஒட்டிய சர்க்கரை சென்சாரைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி முறையில். பாதுகாப்புக்காக அரைமணி முன்பே 2 வாழைப்பழம் சாப்பிடுகிறேன். ஆனாலும் சரிகிறது. மருதமலை ஏறும்போது மட்டும் எகிறுகிறது.
(வாசகி, கோவை)

ப: அந்த வாழைப்பழம்தான் வினை. சர்க்கரை ஏறுவதைச் சென்சார் பார்க்கிறது. பம்ப் கூடுதல் இன்சுலினை ஊற்றுகிறது. அதைச் சுமந்துகொண்டு நீங்கள் மிதிக்கத் தொடங்குகிறீர்கள். தற்காலிக இலக்கு 150ஐ ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள். அது இருக்கும்வரை தானியங்கித் திருத்த போலஸ் (ஏறிய சர்க்கரையை இறக்கப் போடுவது) வராது. பழம் வேண்டுமானால் கிளம்ப 5, 10 நிமிடம் இருக்கும்போது. மலையில் எகிறுவது அட்ரினலினால். பெரும்பாலும் இறங்கியபின் தானே தணியும். உச்சியில் நின்று முழுத் திருத்தம் போட்டால் இறக்கத்தில் லோ.

கே: சென்சார் 95 என்கிறது, கை நடுங்குகிறது. எதை நம்புவது?
(வாசகர், திருச்சி)

ப: கையை. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடித் திரவத்தை. சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது 10 நிமிடத்துக்கு மேலும் பின்தங்கும். சைக்கிளை ஓரமாக நிறுத்தி விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது பவுடர் 3 தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கடலைமிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, கொழுப்பு அவற்றை மெதுவாக்கிவிடும். 54க்குக் கீழே போயிருந்தால் அன்றைய சவாரி அவ்வளவுதான்.

கே: 14 வயது மகன் மாலையில் பயிற்சிக்குப் போகிறான். இரவு 2 மணிக்கு லோ.
(ஒரு தாய், மதுரை)

ப: சேமிப்புச் சர்க்கரை காலியான தசை, இரவெல்லாம் குளுக்கோஸை இழுத்துச் சேமித்துக்கொள்கிறது. படுக்கும்போது 6 மணி நேரத்துக்கு பேசலை 20 சதவீதம் குறைப்பது வழக்கமான தொடக்கம். இரவு உணவு போலஸையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். அளவை அவனுடைய மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். சென்சார் அலாரத்தை 80ல் வையுங்கள்.

கே: வியர்வையில் கேனுலா (தோலுக்கடியில் இன்சுலினை இறக்கும் மெல்லிய குழல்) கழன்றுவிடுகிறது.
(வாசகர், வேலூர்)

ப: கேனுலாவும் குழாயும் கொண்ட புதிய செட்டை முந்தைய நாளே போடுங்கள், அது வேலை செய்வதும் தெரிந்துவிடும். குனிந்து ஓட்டுகையில் மடியும் வயிற்றுப் பகுதியைத் தவிர்த்து, இடுப்புக்குப் பின்மேல் குத்துங்கள். ஆல்கஹாலால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் ஒட்டி, மேலே இன்னொரு பிளாஸ்டர். குழாயில் ஒரு சிறு வளையம் விட்டு அதையும் தோலோடு ஒட்டினால், இழுபட்டாலும் கேனுலா பிடுங்கிக்கொள்ளாது. பம்பை முதுகுப் பையில் வெயில்படும்படி வைக்காதீர்கள்; சூட்டில் இன்சுலின் கெட்டால் கழன்ற கேனுலாவைப் போலவே சர்க்கரை ஏறும், ஆனால் வெளியே எதுவும் தெரியாது.