ஸ்டெபிலைசர் வாங்குமுன் ஒரு வாரம் பொறுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். ஆனி, ஆடி வந்தால் தெரு முழுக்க லோ வோல்டேஜ். ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. ஃபிரிட்ஜ் 'டொக்' என்று கிளம்பி உடனே நிற்கிறது. வீட்டுக்கே 5 கேவிஏ மெயின்லைன் ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: பிளக்கில் சொருகும் வோல்ட் மீட்டர் சில நூறு ரூபாய்தான். முதலில் அதை வாங்குங்கள். காலை, மதியம், இரவு 8 மணி, நடுராத்திரி என்று ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். வர வேண்டியது 230. 207 வரை இறங்கினாலும் பெரும்பாலான சாமான்கள் தாங்கும்.

நீங்கள் சொன்ன மாதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அது குறுவைக் காலம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் வயலுக்கு வந்து சேர நாளாகும். அதற்குள் நாற்றங்காலுக்காக ஆளாளுக்கு ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) மோட்டாரைத் தட்டிவிடுகிறார்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக ஓடும். நீண்ட கம்பியில் கரண்ட் கூடக் கூட வழியிலேயே வோல்டேஜ் கரைந்துபோகும். கடைசிக் கம்பத்து வீட்டுக்கு 160 வந்தாலே பெரிது.

ஸ்டெபிலைசர் இந்தக் குறையைக் கூடுதல் ஆம்பியரால் ஈடுகட்டுகிறது. 230-ல் 5 ஆம்பியர் இழுக்கும் சுமைக்கு, 160-ல் லைனிலிருந்து 7-க்கு மேல் இழுக்கும். பத்து வீட்டில் போட்டால் பதினோராவது வீட்டுக்காரர் விசிறிமட்டை தேட வேண்டியதுதான். அதனால் வீடு முழுவதற்கும் வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒன்று போதும். 130 வோல்ட்டிலிருந்து வேலை செய்கிறதா, கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கிறதா, செப்புச் சுருளா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தக் காலண்டர் தாளோடு தெருக்காரர்கள் சேர்ந்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) மனு கொடுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-லும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரில் டேப் (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றினால் கொஞ்சம் ஏறும். ஆனால் மோட்டார்கள் நின்ற ராத்திரியில் 250-ஐத் தாண்டிவிடலாம். நடுராத்திரிக் கணக்கைக் கேட்டது அதற்குத்தான். உங்கள் பக்கத்திலேயே இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைப்பதுதான் சரியான வைத்தியம். தாமதமாகும், விடாதீர்கள்.

ஒன்று மட்டும் வேறு கதை: பல்பு திடீரென்று பளீரென எரிந்து அடுத்த நொடி மங்கினால் நியூட்ரல் கம்பியின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே புகார் சொல்லுங்கள்.

கேள்வி: பாபநாசம் பக்கம் 5 எச்பி பம்புசெட் வைத்திருக்கிறேன். கன்டென்சர் மாட்டச் சொல்கிறார்கள். இலவச மின்சாரத்தில் எனக்கு என்ன லாபம்?

பதில்: பில் இல்லைதான். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு யாருடையது? 5 எச்பிக்கு 2 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு) கெப்பாசிட்டர், அதாவது நீங்கள் சொல்லும் கன்டென்சர், போட்டால் லைனில் இழுக்கும் கரண்ட் குறையும், உங்கள் முனையில் வோல்டேஜும் சற்றுத் தூக்கும். இரண்டு ஃபேஸில் மோட்டாரை ஓட்ட விற்கும் கன்டென்சர் பெட்டி வேறு, அதைத் தொடாதீர்கள். மோட்டார் சூடேறும், அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகள் இருட்டடிக்கும்.

ஸ்டார்ட்டருக்கு அப்புறம், மோட்டார் பக்கமாக மாட்டச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் சர்வீஸ் வயரில் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆம்பியர் இறங்கவில்லையா, பணம் கொடுக்காதீர்கள்.