லண்டனில் கரீபியன் பிள்ளைகளுக்கு ஸ்டீல்பேன் வகுப்பு: மண்டபக் குழு என்ன உதவி செய்யலாம்?

கேள்வியின் சாரம் இது: லண்டனில் உங்கள் பகுதிச் சமூக மண்டபத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள். ஆப்பிரிக்க-கரீபியன் குடும்பங்கள் சில, தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டீல்பேன் வகுப்பு தொடங்க இடம் கேட்கிறார்கள். எண்ணெய் டிரம்மைக் குழித்து அதில் சுரங்களை அமைத்து, குச்சியால் தட்டி வாசிக்கும் டிரினிடாட் இசைக்கருவிதான் ஸ்டீல்பேன், சுருக்கமாகப் பேன். பழைய பேன்களை இலவசமாகத் தரவும் ஆள் இருக்கிறது. மண்டபம் எப்படி உதவலாம், எங்கே சிக்கல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேன் வாங்கப் பணம் திரட்டுவது அவ்வளவு கடினமில்லை. பேன்களைப் பூட்டி வைக்க இடம், ஆண்டுதோறும் டியூன் செய்ய (சுருதியைச் சரிசெய்ய) கூலி, சொல்லித்தருபவருக்கு ஒழுங்கான சம்பளம் ஆகிய மூன்றும் இல்லாமல்தான் பிள்ளைகள் குழுக்கள் இரண்டாம் ஆண்டிலேயே கலைகின்றன. புதுப் பேன் வாங்கித் தருவதைவிட, மண்டபம் இந்த மூன்றுக்கும் தோள்கொடுத்தால் பெரிய உதவி.

இதை வெறும் இசை வகுப்பாகப் பார்க்கவேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. டிரினிடாட்டில் அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற மக்கள் கொண்டாடிய கேன்பூலே ஊர்வலத்தை 1881இல் போலீஸ் அடக்க முயன்று கலவரமானது. அதன் தொடர்ச்சியாக 1880களின் நடுவில் தோல் முரசுகளுக்குத் தடை வந்தது. முரசு போனதும் மூங்கிலை எடுத்தார்கள். 1930களில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி என்று உலோகத்துக்கு வந்தார்கள். 1940களில் எண்ணெய் டிரம்மைக் குழித்து அதில் சுரங்களைப் பிரித்தெடுத்தார்கள். வறுமைப்பட்ட குப்பத்து இளைஞர்கள் செய்த வேலை இது. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்கு டாஸ்போ என்ற ஸ்டீல்பேன் குழுவை டிரினிடாட் மக்கள் நிதி திரட்டித்தான் அனுப்பிவைத்தார்கள். அதன் நடத்துநர் ஜோசப் கிரிஃபித், பன்னிரண்டு சுரங்களும் பேனில் இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தக் குழுவின் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1960களின் நடுவில் சமூகப் பணியாளர் ராஊன் லாஸ்லெட் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லில் பிள்ளைகளுக்காக நடத்திய தெருவிழாவில் அவரும் ரசல் ஹெண்டர்சனும் பேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தபடி தெருவில் நடக்க, ஜனங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். லண்டனின் பெரிய கரீபியன் தெருவிழாவான இன்றைய நாட்டிங் ஹில் கார்னிவலின் வேர்களில் அது ஒன்று. இன்னொன்று, 1959 ஜனவரியில் பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹாலில் நடத்திய உள்ளரங்கக் கார்னிவல்.

இடம் கொடுப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கரீபியன் பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளுவதை பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறுநூலில் அம்பலப்படுத்தினார். அதற்கு முன்பே, 1969இல், ஜான் லா ரோஸ் வடக்கு லண்டனில் தன் வீட்டிலேயே ஜார்ஜ் பேட்மோர் துணைப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிறகு சர்ச் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் சனிக்கிழமைப் பள்ளிகள் பெருகின. பெற்றோரின் உழைப்பும் யாரோ ஒருவர் கொடுத்த சாவியும்தான் அவற்றின் முதலீடு. உங்கள் மண்டபம் இப்போது நிற்பது அந்த வரிசையில்.

இனி வேலைக்கு வருவோம். இலவசப் பேன் என்றதும் வாங்கி வைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு டியூனரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குழியின் அடியில் துரு இருக்கிறதா, சுரத்தைச் சுற்றியுள்ள கோட்டருகே விரிசல் இருக்கிறதா, கயிறு மாட்டும் துளைகள் தேய்ந்து கிழிந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். விரிசல் விட்ட பேனை டியூன் செய்யக் கொடுக்கும் கூலி வீண். அதைவிட முக்கியம், சுரங்கள் இருக்கும் வரிசை. இன்று டெனர் பேன்களில் (மெட்டு வாசிக்கும், உயர்ந்த சுருதியுள்ள பேன்) பெரும்பாலும் டிரினிடாட்டின் டோனி வில்லியம்ஸ் வடிவமைத்த வட்ட வரிசைதான் இருக்கிறது. பழைய டெனர்களில் இன்வேடர்ஸ் குழுவின் வேறு வரிசையும் கிடைக்கும். இரண்டு பேன் சேர்ந்த ஜோடியான டபுள் செகண்டிலும் செய்தவருக்குச் செய்தவர் மாறும். இரண்டு வரிசைகளைக் கலந்து வைத்தால், ஒரு பேனில் பழகிய பிள்ளை பக்கத்துப் பேனுக்குப் போனதும் ஒன்றும் தெரியாமல் நிற்கும். பாதியில் விட்டுப்போகிற பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் காரணம், அது யாருக்கும் புரிவதுகூட இல்லை.

அந்த வட்ட வரிசையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் சொல்லித்தரும் முறையே அதிலிருந்துதான் வருகிறது. டெனரின் வெளி வளையத்தில் பன்னிரண்டு சுரங்கள். ஒரு சுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதன் பஞ்சமம். சி-யில் தொடங்கினால் ஜி, டி, ஏ, ஈ, பி என்று போகும். மேல் ஸ்தாயிச் சுரங்கள் அதே திசையில் உள் வளையங்களில். இதனால் சி, டி, ஈ, ஜி, ஏ ஐந்தும் (நமக்கு மோகனம்) ஒட்டி ஒட்டி ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஒரு முனையில் எஃப்-ஐயும் மறுமுனையில் பி-யையும் சேர்த்தால் முழு மேஜர் ஸ்கேல். மற்ற ஐந்து சுரங்களும் எதிர்ப்பக்கம். பியானோ பழகிய பிள்ளை அடுத்த சுரத்தைப் பக்கத்திலேயே தேடித் திணறும், எதுவும் பழகாத பிள்ளை அரை மணியில் ஒரு மெட்டு வாசித்துவிடும். ஆகவே முதல் வகுப்பிலேயே தாளைக் கையில் கொடுக்கவேண்டாம். காதால் கேட்டு, கையைப் பார்த்து, நாலு நாலு அடியாகத் திருப்பி வாசிப்பதுதான் பேன் யார்டின் (பேன் குழுக்கள் ஒத்திகை பார்க்கும் முற்றம்) முறை. ஆசிரியர் எதிரே நின்று காட்டினால் இடம் வலமாக மாறித் தெரியும். பிள்ளையின் பக்கத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகளுக்கு என்றால் நான் சொல்லும் அளவு: டெனர் 4, டபுள் செகண்ட் 2 ஜோடி, மெட்டுக்குத் துணைச்சுரம் வாசிக்கும் டபுள் கிட்டார் 2 ஜோடி, மூன்று பேன் கொண்ட செல்லோ 1, தாழ்ந்த சுருதிக்கு ஆறு டிரம் கொண்ட பாஸ் 1. இதோடு தாளப் பகுதி. அதை இன்ஜின் ரூம் என்பார்கள்: டிரம் கிட், கொங்கா முரசு, உரசி வாசிக்கும் ஸ்கிராட்சர், காரின் பழைய பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் அயன். எல்லாரும் செய்வது பத்து டெனர் வாங்குவது, ஏனென்றால் சிறியது, காரில் ஏற்றலாம், மெட்டும் அதில்தான். ஆனால் பத்து டெனர் மட்டும் சேர்ந்து ஒலித்தால் காது கூசும், கூட்டிசை ஆகாது. பாஸும் கிட்டார் பேனும் இருந்தால்தான் பாட்டு எழுந்து நிற்கும். டெனரில் தடுமாறும் சிறு பிள்ளைக்கும் ஸ்கிராட்சரிலோ பாஸிலோ முதல் நாளே ஒரு வேலை கிடைக்கும்.

பாஸ்தான் உங்கள் மண்டபத்துக்குத் தலைவலி. ஒவ்வொன்றும் முழு நீள 200 லிட்டர் டிரம், விட்டம் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. ஆறையும் வைத்து நடுவில் ஆள் நிற்க ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் முடியாது. படியில்லாத, தரைத்தளத்தில் உள்ள, பூட்டுள்ள அறை ஒன்று ஒதுக்குங்கள். ஈரச் சுவர் இருக்கக்கூடாது, ஹீட்டரை ஒட்டியும் வைக்கக்கூடாது. ஒவ்வொரு வாரமும் வேனில் ஏற்றி இறக்கும் குழுவின் பேன்கள் இடிபட்டுச் சுருதி கலைவதும், ஏற்றி இறக்கும் இரண்டு பெற்றோர் களைத்து நின்றுவிடுவதும் சேர்ந்தே நடக்கும். அறை வாடகையை விட்டுக்கொடுத்தால் அதுவே நீங்கள் தரும் பெரிய நன்கொடை.

சுருதி கலைவது ஏன் என்று பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும். சுரம் என்பது சுத்தியால் இழுத்து, தீயில் வாட்டி, நுணுக்கமாக மேடாக்கிய மெல்லிய தகடு. ஓங்கி அடித்தால் அந்த மேடு அமுங்கும், குச்சியின் ரப்பர் தேய்ந்து மரமோ அலுமினியமோ நேராகப் பட்டால் இன்னும் சீக்கிரம் அமுங்கும். வெயிலிலும் காரின் டிக்கியிலும் விட்டாலும் கெடும். சுரத்தின் நடுவில், மணிக்கட்டைத் தளர்த்தி, குச்சியை விழவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். டெனருக்கு மெல்லிய ரப்பர், பாஸுக்குப் பந்து வைத்த குச்சி. மாற்றிப் பிடித்தால் பாஸ் கணீரென்று கத்தும், டெனர் ஊமையாகும். உதிரி ரப்பரும் கயிறும் எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் உலர்ந்த துணியால் குழியைத் துடைப்பது பிள்ளைகளின் வேலை.

இந்தத் துடைப்பதும் தூக்குவதும்தான் பாதிப் படிப்பு. டிரினிடாட்டின் பேன் யார்டில் பிள்ளைகள் வாசிக்க மட்டும் போவதில்லை. ஸ்டாண்ட் பெயின்ட் அடிப்பார்கள், பெரியவர்கள் பேசுவதைக் கேட்பார்கள், பாட்டை யார் எப்படி அரேஞ்ச் செய்தார் என்று வாதாடுவார்கள். அந்தச் சூழல் வேண்டுமென்றால் வகுப்பு ஒரு மணி, அதைச் சுற்றி இன்னொரு மணி என்று மண்டபத்தைக் கொடுங்கள். அடுப்படியையும் திறந்துவிடுங்கள். 1960களில் கரீபியனிலிருந்து வந்த பாட்டிமார், தாத்தாமார் உட்கார நாற்காலி போடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவரைப் பிள்ளைகளே கேள்வி கேட்டு, அனுமதியோடு ஒலிப்பதிவு செய்யலாம். ஒன்று கவனியுங்கள்: அவர்களின் இளமையில் மதிப்பான குடும்பம் என்று சொல்லிக்கொண்ட வீடுகள் பேன் வாசிக்கப் பிள்ளைகளை விடவில்லை, பெண் பிள்ளைகளை அறவே விடவில்லை. சில பெரியவர்கள் முதலில் முகம் சுளிப்பது அதனால்தான். 1950களின் தொடக்கத்திலேயே ஹேசல் ஹென்லி போர்ட் ஆஃப் ஸ்பெயினில் முழுக்கப் பெண்களையே கொண்டு கேர்ள் பேட் குழுவை நடத்தினார் என்பதைச் சொல்லித்தந்தால், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

வரலாற்றைக் கையால் கற்பிக்க நல்ல வழி, பேனைத் தொடுமுன் இரண்டு வாரம் டாம்பூ பேம்பூ, அதாவது மூங்கில்களைக் குத்தியும் தட்டியும் வாசிக்கும் தாள இசை. பூம் என்ற தடித்த மூங்கில் ஏறக்குறைய ஐந்தடி, அதைத் தரையில் குத்தவேண்டும், அடிக்கணு மூடியே இருக்கட்டும், மற்ற கணுக்களைத் துளைத்துவிடலாம். ஃபூலே என்பது ஓரடித் துண்டுகள் இரண்டு, முனையோடு முனை தட்டுவது. கட்டர் மெல்லியது, தோளில் சாய்த்துக் கட்டைக் குச்சியால் அடிப்பது. நன்றாகக் காய்ந்த மூங்கில் குத்தும்போது பிளக்கும், சிம்பும் கையில் ஏறும். முனைகளைத் தேய்த்து டேப் சுற்றுங்கள். மண்டபத்தின் மரத்தரையின் மேல் தடித்த ரப்பர் பாய் போடாவிட்டால் தரை போய்விடும். முரசைப் பறித்தபின் மக்கள் என்ன செய்தார்கள் என்பது இந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் கைக்கே தெரிந்துவிடும்.

சத்தத்தை மறைக்க முடியாது. மொட்டைச் சுவர் மண்டபத்தில் எதிரொலி சேர்ந்து பேச்சே கேட்காது. கனத்த திரை மாட்டுங்கள், பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் காதடைப்பான் கொடுங்கள். அண்டைவீடுகளுக்கு முன்கூட்டியே கிழமையும் நேரமும் எழுதிய கடிதம், அதில் ஒரு தொலைபேசி எண். சொன்ன நேரத்துக்கு நிறுத்துங்கள். ஆகஸ்ட் கடைசி வங்கி விடுமுறையில் கார்னிவல் என்பதால் ஜூலையில் கூடுதல் ஒத்திகை கேட்பார்கள், அதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம்.

பணம். நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்டின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் திட்டத்தில் இங்கிலாந்தில் 300 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டு வரை கேட்கலாம். எழுதிய அமைப்பு விதி, உறவினர் அல்லாத இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை வேண்டும். பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்கு டிபிஎஸ் சான்று (குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு), எப்போதும் இரண்டு பெரியவர்கள், பொதுப் பொறுப்புக் காப்பீடு. இந்தக் காகித வேலை உங்கள் மண்டபத்துக்குப் பழக்கம், அந்தக் குடும்பங்களுக்குப் புதிது. அதைச் செய்துகொடுங்கள், ஆனால் விண்ணப்பம் அவர்கள் சங்கத்தின் பெயரிலேயே போகட்டும். மண்டபத்தின் பெயரில் வாங்கினால் நாளை நிர்வாகம் மாறும்போது பேன் யாருடையது என்ற சண்டை வரும். விண்ணப்பத்தில் ஆசிரியர் சம்பளத்தையும் இரண்டு டியூனிங்கையும் எழுதச் சொல்லுங்கள். பலர் பேன் விலையை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு கைபிசைகிறார்கள்.

அக்டோபரில், கறுப்பின வரலாற்று மாதத்தில், பள்ளிகளும் அலுவலகங்களும் பிள்ளைகளை வாசிக்க அழைக்கும், பல நேரம் இலவசமாக. அதற்கு ஒரு கட்டணத்தை முதலிலேயே எழுதி வையுங்கள், அந்தப் பணம் நேராக டியூனிங் கணக்குக்குப் போகட்டும். பிரிட்டனில் நல்ல டியூனர்கள் குறைவு, கோடையில் எல்லாக் குழுவும் அவர்களைத் தேடும். எல்லாப் பேனையும் ஒரே டியூனர், ஒரே முறையில் பார்த்தால்தான் குழு ஒன்றாக ஒலிக்கும். ஆகவே குழந்தைகளைச் சேர்க்கும் முன்பே டியூனரிடம் வசந்தகாலத் தேதி ஒன்றை வாங்கி, மண்டப நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.