கேட்டதும் சொன்னதும்: அப்பத்தா தொங்கவிட்ட பூண்டு

கேள்வி: தை மாதம் அப்பத்தா காலமாகிவிட்டார். அடுப்படி மூங்கிலில் அவர் கட்டித் தொங்கவிட்ட பூண்டு ஏழெட்டு கிலோ அப்படியே இருக்கிறது. ‘அவங்க கை பட்டது, ஞாபகமா இருக்கட்டும்’ என்கிறார் அப்பா. எனக்கு நட ஆசை. நட்டால் வருமா?
– வாசகி, பூம்பாறை

பதில்: வைகாசியில் நட்டால் வரும். தொங்கவே விட்டால் அடுத்த வருஷம் தோலும் தூசியும்தான் மிஞ்சும். அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நம் தோட்டத்துப் பூண்டு விதை கட்டி முளைப்பதில்லை. பல்லிலிருந்துதான் அடுத்த பயிர். அப்பத்தா வருஷாவருஷம் எடுத்து வைத்து நட்டதால்தான் அந்தக் கால்வழி இன்றைக்கு உங்கள் அடுப்படியில் தொங்குகிறது. ஒரு வருஷம் விட்டுப்போனால் அறுந்தது அறுந்ததுதான்.

முதலில் ஒவ்வொரு பூண்டாக அமுக்கிப் பாருங்கள். கனமில்லாமல் உள்ளே போவதைத் தள்ளிவிடுங்கள். பூண்டின் அடியில் வேர் விடும் வேர்த்தட்டில் நீலப்பச்சையாகப் பூசணம் இருந்தால் அந்தப் பூண்டு முழுவதையும் தள்ள வேண்டும், ஒரு பல்லைக்கூடக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நடுகிற அன்றோ முதல்நாள் மாலையோ பல் பிரித்தால் போதும். முன்கூட்டிப் பிரித்தால் பல் காய்ந்து சுண்டும். வெளிச்சுற்றுப் பெரிய பல் நடவுக்கு, நடுவில் இருக்கும் ஒல்லிப் பல் குழம்புக்கு. தோலை உரிக்கக் கூடாது; தோல் கிழிந்த பல் ஈரத்தில் அழுகும்.

ஏக்கருக்கு விதைப்பூண்டு 200 முதல் 250 கிலோ என்பது பொதுக் கணக்கு. அதாவது சென்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோ. பல் பெரிதென்றால் கூடுதலாகும். கழித்தது போக உங்களிடம் இருப்பது இரண்டு சென்டுக்குக் காணும். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ., ஆழம் இரண்டு அங்குலம். கூர்முனை மேலே பார்க்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக ஊன்றினால் முளை வளைந்து வரும், பூண்டு கோணிக்கொள்ளும். மழை நீர் நிற்காதபடி மேட்டுப்பாத்தி போடுங்கள். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம், நன்றாக மக்கிய எரு மட்டும்.

போன முறை பூண்டோ வெங்காயமோ போட்ட இடத்தை விட்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் எடுத்த இடமாகப் பாருங்கள். இலை மஞ்சளாகி, பிடுங்கினால் அடியில் வெள்ளைப் பஞ்சும் கசகசா போலக் கறுப்புப் பொட்டும் தெரிந்தால் அது வெள்ளை அழுகல். சுற்று மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பொட்டு மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக வெளி விதையும் வாங்கி இதே பாத்தியில் கலந்துவிடாதீர்கள். அப்புறம் எது அப்பத்தாவுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

120, 130 நாளில் அடித்தாள் (கீழ் இலை) காயத் தொடங்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். தாளை வெட்டாமல் பிடுங்கி, நிழலில் உலர்த்தி, தாளோடு கட்டாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். அடுப்புப் புகை கழுத்தையும் வேர்த்தட்டையும் உலர்த்திப் பூசணத்தைத் தடுக்கிறது. ஆனால் சூடு ஆகாது. கட்டு தொங்கும் உயரத்தில் கையை வைத்தால் சூடு உறைக்கக் கூடாது. உறைத்தால் பல் மெழுகு மாதிரி மஞ்சளாகிவிடும். கேஸ் அடுப்புக்கு மாறியிருந்தால் காற்றோடும் பரண் போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரில் முளைத்துவிடும்.

பெரியதை விற்றுச் சிறியதை விதைக்கு வைக்கிற பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. பூண்டு வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். விதைக்கு எடுத்த பிறகுதான் விலை பேச வேண்டும். ஒரு கட்டை அத்தை வீட்டிலும் கொடுத்து வையுங்கள். உங்கள் பாத்தி அழுகினாலும் அங்கே மிஞ்சும்.

கேள்வி: அம்மாச்சியின் முதலாண்டு நினைவுக்குச் சின்னப் புத்தகம் போடுகிறோம். ஆதாரில் பிறந்த வருஷம் 1942. அவரோ ‘தாது வருஷம் ஐப்பசி’ என்பார். பஞ்சத்தில் பிறந்தவர் என்கிறார்கள் உறவினர்கள். எதைப் போடுவது?
– வாசகர், மன்னவனூர்

பதில்: அம்மாச்சி சொன்னதைப் போடுங்கள். தாது என்பது 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை. ஐப்பசி என்றால் 1936 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். (தை, மாசி, பங்குனி என்றிருந்தால் 1937 ஆகும், பலர் சறுக்குவது இங்கேதான்.) தாது வருஷப் பஞ்சம் அதற்கு அறுபது வருஷம் முந்தைய தாதுவில், 1876-ல் தொடங்கியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பஞ்சம் அம்மாச்சியோடு ஒட்டிக்கொண்டது.

ஒத்துப் பார்க்க ஒரு வழி: நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அப்போது அவர் இடுப்பில் பிள்ளை இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1942 என்றால் அவருக்குப் பதினைந்துகூட ஆகியிருக்காது. உங்கள் ஊர் இருக்கும் திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985-ல் என்பதால், பழைய பத்திரங்களில் ஊரை மதுரை மாவட்டம் என்ற பெயரில் தேடுங்கள்.

‘அன்பின் சிகரம்’ வகை வரிகளைக் குறைத்து, எந்தப் பாத்தியில் என்ன போட்டார், எருவை எங்கிருந்து சுமந்தார், விதையை எதில் கட்டி வைத்தார் என்று எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் அதைத்தான் திரும்பப் படிப்பார்கள்.

கேள்வி: பாட்டியின் ஒரே போட்டோ ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?
– வாசகி, கூக்கால்

பதில்: பிரிக்காதீர்கள். காய்ந்த நிலையில் இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஃபிரேமிலிருந்து கண்ணாடியோடு எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது. அதிலிருந்து புதுப் பிரதி போட்டு, போட்டோ கண்ணாடியைத் தொடாதபடி சுற்றிலும் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். சந்தனத்தைக் குழைத்து வைத்தால் வழிந்து ஃபிரேம் இடுக்கில் இறங்கும், கெட்டியாகத் தொட்டு வையுங்கள்.