சென்னை டு பாரிஸ் எத்தன மணி நேரம்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னைலேர்ந்து பாரிஸ் எவ்ளோ தூரம், எத்தன மணி நேரம் ஆகும், துபாய் வழியா டிக்கெட் கம்மியா வருது ஆனா ரொம்ப சுத்தான்னு கேட்டிருந்தீங்க. நீங்க கடலூர், நான் பாண்டி முத்தியால்பேட்டை, இங்க பாரிஸ் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, தெரிஞ்சத சொல்றேன்.

மீனம்பாக்கத்துலேர்ந்து இங்க சார்ல் து கோல் ஏர்போர்ட்டுக்கு நேரா 8000 கி.மீ. சொச்சம். துபாய் வழியா வந்தா 2900 சொச்சமும் 5200 சொச்சமும், கூட்டி பாத்தா சுமார் 150 கி.மீ. தான் கூட, பாண்டிலேர்ந்து சென்னை போற தூரம், அவ்ளோதான். அதனால சுத்துன்னு யோசிக்காதீங்க, நேரம் எல்லாம் நடுவுல உக்காந்திருக்கறதுலதான் போகுது. டைரக்ட் ஃப்ளைட் கெடச்சா பத்தரை, பதினொரு மணி நேரம். துபாய்னா முதல்ல நாலு மணி சொச்சம், அப்புறம் ஏழு மணி சொச்சம், நடுவுல மூணு மணியா பன்னெண்டு மணியா, அத மட்டும் டிக்கெட்ல நல்லா பாருங்க.

இன்னொன்னு, டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் டைம். ராத்திரி 1.30க்கு கெளம்பி காலைல 8 மணிக்கு பாரிஸ்னு இருந்தா ஆறரை மணி நேரம்னு நெனச்சுடுவீங்க, குளிர்காலத்துல இங்க நாலரை மணி நேரம் பின்னாடி, ஆக பதினொன்னு. மார்ச் கடைசி ஞாயிறுலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூணரைதான் வித்தியாசம்.

தயவு செஞ்சு ரெண்டு தனித்தனி டிக்கெட்டா மட்டும் போடாதீங்க. 2011ல எங்கம்மா இங்க வரப்ப காசு மிச்சம்னு நான் அப்படித்தான் போட்டேன், முதல் ஃப்ளைட் லேட்டு, அடுத்தது போயிடுச்சு, ரெண்டாவது கம்பெனிக்காரன் எங்க பொறுப்பு இல்லன்னுட்டான், இங்லீஷும் தெரியாது ஃப்ரெஞ்சும் தெரியாது, பதிமூணு மணி நேரம் அம்மா தனியா நடுவுல எறங்கின ஏர்போர்ட்ல நாற்காலில உக்காந்திருந்தாங்க. இப்ப நெனச்சாலும் மனசு ஆற மாட்டேங்குது. ஒரே டிக்கெட்டா இருந்தா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் நேரா பாரிஸ் வந்துடும்.

அப்புறம் வீட்லேர்ந்து கணக்கு போடுங்க. கடலூர்லேர்ந்து பாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியா ஏர்போர்ட் 170 கி.மீ. கிட்ட, நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க, லீவு முடியற ஞாயித்துக்கிழமைன்னா பரனூர் டோல்லயே நின்னுடும், ஒரு மணி நேரம் கூட சேத்துக்கணும். பஸ்னா கிளாம்பாக்கத்துல எறங்கி மறுபடி டவுன் பஸ்ஸு, ரெண்டு பெரிய பெட்டியோட அது வேணாம், கார் வெச்சுக்கோங்க. ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி உள்ள இருக்கணும். ஆக டைரக்ட்லயே வந்தாலும் வாசப்படிலேர்ந்து இங்க ரூம் வர இருபது மணி நேரம் ஆயிடும்.

காலேஜ் லெட்டர், தங்கற எடத்து பேப்பர் எல்லாம் கைப்பைல வைங்க, பெட்டில போடாதீங்க. இங்க இமிக்ரேஷன் முடிச்ச பிறகுதான் பெட்டியே கைக்கு வரும்.