சுற்றிலும் கடல், இங்கே என்ன மாசு?

(வாசகர் கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுபவர் இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் காற்று ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரியும் காரைக்கால்காரர்.)

கேள்வி: எங்கு திரும்பினாலும் கடல். பெரிய ஆலைகளும் அதிகம் இல்லை. அப்படியிருக்க நம் தீவின் மாய்தோ மலைமேல் காற்றை அளக்க ஓர் ஆய்வகம் எதற்கு?
– ஒரு தமிழாசிரியர், சேன் அந்திரே

ஐயா, இங்கே வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். கடற்காற்று நல்லது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். அதில் தவறில்லை, ஆனால் அது நம் மூக்குக்கு எட்டும் காற்றைப் பற்றிய பேச்சு. செப்டம்பர், அக்டோபரில் பலூன் விட்டுப் பார்த்தால், ஐந்தாறு கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் வரைபடத்தில் ஓசோன் கோடு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். மிக உயரே நம்மைக் காக்கும் ஓசோன், இந்த உயரத்தில் மாசு. அது நம் ஊர்ச் சரக்கு இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மடகாஸ்கரிலும் புல்வெளிகள் எரியும் காலம் அது. தென் அமெரிக்கப் புகைகூட இதுவரை வந்து சேர்வதுண்டு. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் மற்ற வாயுக்களும் வழிநெடுக வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகிவிடுகின்றன. அண்ணாந்து பார்த்தால் வானம் நீலமாகத்தான் இருக்கும்.

மாய்தோ ஆய்வகம் 2,160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 2012இல் திறந்தார்கள். பகலில் மலைச்சரிவில் ஏறும் காற்று, சேன் பால் கடற்கரைக் காற்றையும் கரும்புக்காட்டு வாசனையையும் மேலே தூக்கி வரும். முற்பகலிலேயே மேகம் கட்டிவிடும். இரவில் காற்று திரும்பிக் கீழே இறங்கும். அப்போது அங்கே நிற்பவர்கள் சுவாசிப்பது தீவின் காற்று அல்ல, பெருங்கடலுக்கு மேலே உலவும் காற்று. ஒரே கருவி பகலில் ஊரையும் இரவில் உலகத்தையும் அளக்கிறது. இப்படி ஓர் இடம் தென்கோளத்தில் அபூர்வம், அதனால்தான் அந்த மலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பலூனில் என்ன போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்கு அடக்கமான பெட்டிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள், அவற்றில் பொட்டாசியம் அயோடைடு கரைசல். ஒரு குட்டிப் பம்பு வெளிக்காற்றை இழுத்துக் கரைசலுக்குள் விடும். ஓசோன் பட்டதும் அயோடின் பிரியும், அதற்கேற்ப மின்னோட்டம் ஓடும். சில மைக்ரோ ஆம்பியர்தான். அந்த எண்தான் ஓசோன் அளவாக மாறுகிறது. பம்பு எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பது தெரியாவிட்டால் எல்லாம் வீண். அதை அளப்பது சோப்புக் குமிழியால்: கண்ணாடிக் குழாயில் மெல்லிய படலம் ஒன்று ஏறும். அது 100 மில்லி கோட்டைக் கடக்க அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்போம். முதல் வருஷம் ஒருநாள் அவசரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினேன். பலூன் 30 கிலோமீட்டர் போய் வெடித்தது, பெட்டி கடலில் விழுந்தது, எண்கள் அத்தனையும் தள்ளுபடி. அந்த நாளின் வானம் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. இன்றும் மனசு கேட்கவில்லை.

கேள்வி: வீட்டிலும் கோயிலிலும் கற்பூரம், ஊதுபத்தி ஏற்றுகிறோம். அதுவும் மாசுதானா?
– ஒரு வாசகி, போர்ட் லூயி

ஆமாம் அம்மா. கற்பூரச் சுடரின் நுனியில் கருமை தெரிகிறதே, அது கரித்துகள். ஊதுபத்திப் புகை அதைவிட நேரம் நின்று சுவாசத்தில் கலக்கும். நுண்துகள் (PM2.5) 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. கதவு சாத்திய பூஜையறையில் இதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. சாமி கும்பிடுவதை விடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைக்கு இழுப்பு இருந்தால் ஒரு பத்தி போதும்.

கேள்வி: 2022 ஜனவரியில் மாலை வானம் ஊதாவும் சிவப்புமாக இருந்ததே, ஏன்?
– ஒரு மீனவர், சேன் பியேர்

நல்ல கண் உங்களுக்கு. ஜனவரி 15 அன்று பசிபிக்கில் டோங்கா நாட்டுக் கடலடி எரிமலை வெடித்தது. அது வீசிய கந்தகமும் நீராவியும் ஒரு வாரத்துக்குள் மேற்கே நம் தலைக்கு மேல் வந்துவிட்டன. அந்தக் கந்தகத் துகள்கள்தான் அந்தி ஒளியைச் சிதறடித்தன. அடுக்குமண்டலத்துக்கு, அதாவது மேகங்களுக்கும் மேலேயுள்ள காற்றடுக்குக்குப் போன நீராவி மட்டும் ஏறத்தாழ 15 கோடி டன்; ஏற்கெனவே அங்கே இருந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ரெயூனியனிலிருந்து ஆய்வாளர்கள் இரவுகளில் பலூன் பலூனாக விட்டார்கள். ஒரே வாரத்தில், எரிமலை வீசியவை பரவியிருந்த அந்தக் காற்றுப் படலத்தில் ஓசோன் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்திருந்தது. ஈரம் ஏறிய துகள்களின் மேல், அடங்கிக் கிடந்த குளோரின் விழித்துக்கொண்டு ஓசோனைத் தின்றுவிட்டது. துருவத்தில் குளிர்காலத்தில் நடப்பதற்கு உறவான வேதியியல், இங்கே வெப்பமண்டலத்தில். நீங்கள் வலையை இழுத்துக்கொண்டே பார்த்த அந்த ஊதாவுக்கு மேலேதான் அந்தப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன.